எண்ணெய்ப் பாத்திரம் கடைசியில்

ஜெர்மனியில் என்னோடு முதலில் பேசிய மனிதர் என்னை ரயிலைவிட்டு இறங்கச் சொன்னார். ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரியுமாம். முன்பாதி ஓர் ஊருக்கும் பின்பாதி வேறோர் ஊருக்கும் போகுமாம். நான் உட்கார்ந்திருந்தது தப்பான பாதி. "ஒலிபெருக்கியில் சொன்னோமே" என்றார் பரிசோதகர். சொன்னார்கள்தான், அவர்கள் மொழியில். கோவில்பட்டியில் பஸ் ஏறினால் கண்டக்டர், "எட்டயபுரம் போவாது, போவாது! ஏறி உக்காந்துட்டுப் பெறவு எங்கிட்டச் சண்டைக்கு வராதீய" என்று தொண்டை கிழியக் கத்துவார். அதை மரியாதைக்குறைவு என்று நான் முகம் சுளித்ததுண்டு. அன்று ஆளில்லாத ஒரு பிளாட்பாரத்தில், குளிரில், பெட்டிமேல் உட்கார்ந்து அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தபோது அந்த மனிதரின் அருமை தெரிந்தது.

எனக்கு ஏன் ஜெர்மனி என்று கேட்பீர்கள். நான் கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஜூன் வந்தால் வேலையைப் புதுப்பிப்பார்கள், அல்லது மாட்டார்கள். டாக்டர் பட்டம் இருந்தால் இந்த ஜூன் பயம் போகும். அதற்காக அதே கல்லூரியில், எங்கள் துறைத் தலைவரின் கீழ், ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அவரை இங்கே 'சார்' என்றே சொல்கிறேன், நேரிலும் அப்படித்தான்.

ஆராய்ச்சி இதுதான். சில வகைக் கொழுப்பைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் அது கண்ணுக்குத் தெரியாத குமிழிகளாகச் சுருண்டுகொள்ளும். உயிருள்ள செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வைப் போலவே இந்தக் குமிழிகளின் தோலும் இரண்டடுக்குக் கொழுப்பு. இரண்டு குமிழிகள் ஒட்டி, தோலோடு தோல் சேர்ந்து, ஒரே குமிழி ஆவதைத்தான் இணைவு என்கிறோம். மருந்தைக் குமிழிக்குள் வைத்து அனுப்பினால் அது செல்லோடு இணைந்து மருந்தை உள்ளே சேர்த்துவிடும் என்று உலகத்துக்கு ஓர் ஆசை. விட்டமின் ஏ, டி, இ, கே போல எண்ணெயில் கரையும் பொருட்கள் அந்தத் தோலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்தால் இணைவு கூடுமா, குறையுமா? இதைத்தான் நான் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். என் குமிழிகளில் ஒரு பங்கு, மாட்டு மூளையிலிருந்து எடுத்த கொழுப்பு. அதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை.

எனக்குக் கிடைத்த பதில் அழகாக இருந்தது. விட்டமின் இ கூடக்கூட இணைவும் கூடியது. புள்ளிகளைச் சேர்த்தால் ஸ்கேல் வைத்துப் போட்டது போல ஒரு கோடு. சார் அதைச் சட்டம் போட்டு மாட்டாததுதான் குறை. எங்கள் கருவி குமிழிகள் கலங்குவதை மட்டும் அளக்கும் பழைய கருவி. ஜெர்மன் ஆய்வகத்திலோ குமிழிகளுக்குள் ஒளிரும் சாயத்தை வைத்து, அவை இணையும் கணத்தையே பிடிக்கும் கருவி இருந்தது. சார் எழுதிக் கேட்டார், வரச் சொன்னார்கள். அந்தக் கருவியிலும் என் கோடு அப்படியே வந்துவிட்டால் எனக்கு அங்கே இரண்டு வருட ஆய்வாளர் வேலை, இங்கே பட்டம். வராவிட்டால் என்ன என்று யாரும் பேசவில்லை. நானும் நினைக்கவில்லை.

உல்ரிகே நிலையத்துக்கு வந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும், அந்த ஆய்வகத்தில் நிரந்தர வேலை. என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அறையில் ராத்திரிச் சாப்பாடு வைத்திருந்தாள்: கறுப்பு ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறுகாய் என்ற பெயரில் புளித்த வெள்ளரிக்காய். அவர்கள் ராத்திரி அடுப்புப் பற்ற வைப்பதில்லையாம். சாவுத் தீட்டு வீடு போல இருந்தது. சாத்தூர்க் காரச்சேவைப் பிரித்து ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தின்றேன். மிச்சத்தை மறுநாள் ஆய்வகத்தில் வைத்தேன். ஆளுக்கு ஒன்று எடுத்துக் கண்ணீர் விட்டுவிட்டு, "மிகவும் சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார்கள். சாப்பாட்டைச் சுவாரஸ்யம் என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் என்பதை உல்ரிகே பிறகு சொல்லிக்கொடுத்தாள்.

அந்த ஊரில் என்னை வதைத்தது குளிர் அல்ல, தண்ணீர். சதுக்கத்துக்குச் சதுக்கம் ஒரு நீரூற்று. கல்லில் செதுக்கிய மீன் வாயிலிருந்து பளிங்கு போலக் கொட்டி, கீழே போய், எங்கேயோ போகிறது. பக்கத்தில் 'குடிப்பதற்கல்ல' என்று ஒரு பலகை. எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் கும்பிட்டுப் பிடிக்கும் தண்ணீரைவிட அது தெளிவு. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு ஒரு கிழவர், "படம் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. அவரிடம் காட்ட முடியாத எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். புதூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் போன் இருந்தது கடை அண்ணாச்சி வீட்டில் மட்டும்தான். அம்மா ஆடுகளை அடைத்துவிட்டு வந்து காத்திருந்தாள்.

"ஏட்டி, சாப்பிட்டியா? அங்கன தண்ணி எப்பிடி?"

"எந்நேரமும் வருதும்மா."

"எந்நேரமுமா? ராத்திரி தொறந்தாலும் வருமா?"

"வரும்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அப்பம் எந்நேரம்தான் பிடிச்சு வைப்பாவ?"

பிடித்து வைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. பொய் சொல்லுகிறேன் என்று நினைத்தாளோ, புத்தி கெட்ட ஊரில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தாளோ, "பாத்துச் சூதானமா இரு" என்று போனை வைத்துவிட்டாள்.

முதல் வாரம், ஊரிலிருந்து கொண்டுபோன என் டியூப்களில், என் கோடு வந்தது. அப்படியே வந்தது. விட்டமின் இல்லாத டியூபில் ஒளி அசையாமல் கிடந்தது. கொஞ்சம் விட்டமின் உள்ளதில் மெல்ல மாறியது. நிறைய உள்ளதில் கிடுகிடுவென்று மாறியது. உல்ரிகே என் முதுகில் தட்டினாள். ஆய்வகத் தலைவர், வெள்ளைத் தாடி வைத்த நெட்டை மனிதர், கருவியின் முன்னால் குனிந்து பார்த்து, "நான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கிறது. அதனால் இன்னும் பிடித்திருக்கிறது" என்றார். நான் அன்று பஸ்ஸில் ஏறாமல் அறைவரைக்கும் நடந்தே போனேன். வழியில் ஒரு கடையில் ஆப்பம் மாதிரி ஒன்று சுட்டு, உள்ளே ஜாம் தடவி விற்றார்கள். இரண்டு வாங்கித் தின்றேன். அந்தப் பயணத்தில் ருசித்துத் தின்றது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் உல்ரிகே தன் டியூப்களில் தன் கையால் செய்தாள். அங்கே அது வழக்கம். ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்து பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார்கள். அதே கொழுப்பு, அதே விட்டமின், அதே கருவி. எந்த டியூபிலும் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் பிணம் மாதிரிக் கிடந்தன. நான் திரும்பச் செய்தேன், கோடு வந்தது. அவள் செய்தாள், வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கத் தொடங்கியது. ஒருநாள் காபி எடுக்கப் போனபோது உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் புரியட்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்தில். "அவள் கைக்கு மட்டும் வருகிறது" என்றார் ஒருவர். இன்னொருவர், "சில நாடுகளில் எல்லாம் வரும்" என்றார். காபி எடுக்காமல் திரும்பிவிட்டேன்.

உல்ரிகே அப்படிப் பேசவில்லை. "நீ செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே" என்றாள். நாள் முழுக்க நின்றாள். கொழுப்பைக் கலக்கியது, விட்டமினை அளந்தது, குலுக்கியது, எல்லாவற்றையும் பார்த்தாள். எதிலும் குறை இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து, நான் டியூப்களைக் கழுவப் போனபோது அவள் தன் வெள்ளை அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியது பாதியில் நின்றது.

நான் கழுவியது எப்படி என்று சொல்ல வேண்டும். அங்கே கழுவு தொட்டியில் இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் ஊர்த் தண்ணீர். கெட்டிலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிய வைக்கும் கடினத் தண்ணீர். அந்த விஷயத்தில் மட்டும் எங்கள் ஊர் மாதிரியே. இன்னொன்றில் உப்பெல்லாம் நீக்கிய சுத்த நீர். இரண்டும் திறந்தால் கொட்டும். நான் இரண்டையும் திறந்துவிட்டுக் கழுவவில்லை. என் கை அதற்கு வரவில்லை. ஒரு கிண்ணத்தில் ஊர்த் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் சுத்த நீர். எல்லா டியூபையும் முதல் கிண்ணத்தில் தேய்த்துக் கழுவி, ஒவ்வொன்றாக இரண்டாவது கிண்ணத்தில் முக்கி எடுத்துக் கவிழ்த்தேன். முதலில் விட்டமின் படாத டியூப். பிறகு கொஞ்சம் பட்டது. நிறைய விட்டமின் பட்டு எண்ணெய்ப் பிசுக்கேறிய டியூப்கள் கடைசியில்.

இதை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத்தரவில்லை. எங்கள் கரிசல் பக்கம் எந்த வீட்டிலும் இப்படித்தான். செம்பும் டம்ளரும் முதலில், சோற்றுப் பானை அப்புறம், தாளித்த சட்டியும் எண்ணெய்ப் பாத்திரமும் கடைசியில். முதலிலேயே எண்ணெய்ப் பாத்திரத்தை முக்கினால் தண்ணீர் முழுக்கப் பிசுக்காகி இன்னொரு தண்ணீர் எடுக்க வேண்டிவரும். அந்த இன்னொரு தண்ணீருக்கு எங்கே போக? இதை யோசித்துச் செய்வதில்லை. வலது காலை முன்வைப்பது போலச் செய்வது.

"சுத்த நீரை ஏன் மாற்றுவதில்லை?" என்றாள் உல்ரிகே.

"இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவள் டியூப்கள் காயும்வரை இருந்து, கடைசி டியூபை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். அடியில் நூல் மாதிரி ஒரு வெள்ளை வளையம். சுண்ணாம்பு, அதாவது கால்சியம். கால்சியம் பட்டால் இந்த வகைக் குமிழிகள் தாமாகவே ஒட்டி இணைந்துவிடும் என்பது நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்கே தெரியும். அதற்காகத்தான் கரைசல்களில் கால்சியமே இல்லாமல் அத்தனை கவனமாக இருந்தேன். ஆனால் முதல் டியூப் நல்ல சுத்த நீரில் முங்கியது. ஒவ்வொரு டியூபும் தன்மேல் ஒட்டிய கடினத் தண்ணீரைக் கொஞ்சம் அந்தக் கிண்ணத்தில் விட்டுவிட்டுப் போனது. கடைசி டியூப் அத்தனை கால்சியத்திலும் முங்கியது. எந்த டியூபுக்கு எந்த அளவு விட்டமின் என்று பெயின்ட் வைத்துக் குறித்து, ஒன்றுக்கொன்று கலந்துவிடாமல் வருடக்கணக்கில் காப்பாற்றியவளும் நானே. அதனால் நிறைய விட்டமின் போகும் டியூபே எப்போதும் கடைசியில் முங்கியது. விட்டமின் கூடக்கூட இணைவு கூடவில்லை. கழுவிய வரிசை பிந்தப் பிந்தக் கூடியது.

மறுநாள் வரிசையை மாற்றிக் கழுவலாம் என்று நான்தான் சொன்னேன். எண்ணெய் டியூப்களை முதலில் முக்கினேன். ஒன்றும் படாத டியூபைக் கடைசியில் முக்கினேன். கருவியில் கோடு அப்படியே தலைகீழாக வந்தது. விட்டமினே இல்லாத டியூபில்தான் குமிழிகள் அதிகம் இணைந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை.

சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா, அவிய மெஷினுல வந்தது அவியளுக்கு. நம்ம மெஷினுல வந்தது நமக்கு. தீஸிஸ்ல ஜெர்மனிங்கற பேச்சே வேண்டாம்" என்றார்.

"சார், அது விட்டமின் இல்ல சார். கழுவுன வரிசை சார்."

"வரிசையோ வட்டமோ, கோடு நேரா இருக்குல்லா? என்னத்துக்குப் போட்டுக் குழப்புத?"

"அதை நான் எழுத மாட்டேன் சார்."

"அப்பம் என் கையெழுத்தும் வராது. யோசிச்சுட்டு வா." போன் அட்டை தீர்ந்ததா, அவர் வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை.

கிளம்புவதற்கு முன்பு ஆய்வகக் கூட்டத்தில் நான் பேச வேண்டியிருந்தது. இரண்டு கோடுகளையும், நேரானதையும் தலைகீழானதையும், அடுத்தடுத்துக் காட்டி எது ஏன் வந்தது என்று சொன்னேன். சில நாடுகளில் எல்லாம் வரும் என்றவரும் உட்கார்ந்திருந்தார். தலைவர் தாடியைத் தடவிக்கொண்டே, "ஒரே ஒரு கேள்வி. ஏன் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவவில்லை?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். யாரோ லேசாகச் சிரித்தார்கள். எங்கள் கல்லூரிக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பரிதாபப்படுவார்கள். அதற்குச் சிரிப்பே தேவலை என்று "பழக்கம்" என்று மட்டும் சொன்னேன்.

தலைவர் நியாயமானவர். தனியே கூப்பிட்டு, தன் தப்பைத் தானே வரிசை மாற்றிக் காட்டியவரை விட்டுவிட மனமில்லை என்றார். ஆனால் வேலை கொடுக்க ஓர் ஆதாரம் வேண்டும். ஊருக்குப் போய், சுத்தமான டியூப்களில், சுத்தமான நீரில், மொத்தத்தையும் மறுபடி செய்து கோடை விடுமுறைக்குள் அனுப்ப வேண்டும். "உங்கள் ஆய்வகத்திலேயே செய்யுங்கள். உங்களால் அங்கே முடியும் என்று தெரிந்தால் எனக்குப் போதும்" என்றார். நானும் அதைப் பெரிய சலுகை என்று நினைத்துக் கைகூப்பிவிட்டு வந்தேன்.

கோவில்பட்டியில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மழை பொய்த்த வருடம். கரிசல் நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. முதல் வேலையாக, நாங்கள் காய்ச்சி வடித்த வடிநீர் என்று நம்பிப் பேட்டரிக் கடையில் வாங்கிவந்த கேனைச் சோதித்தேன். அதிலேயே கால்சியம் இருந்தது. இனி நாங்களேதான் வடிக்க வேண்டும். வடிகலம் ஒன்று மூலையில் தூசியோடு கிடந்தது. ஆனால் ஆவியைக் குளிரவைக்க அதன்மேல் மணிக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். ஒரு பாட்டில் வடிநீருக்குத் தொட்டித் தொட்டியாகத் தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

கல்லூரி முதல்வரிடம் போய்க் கேட்டேன். கயத்தாறுப் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. "ஏம்மா, தண்ணிய ஊத்தித் தண்ணி எடுக்கணுமாக்கும்?" என்றார். பிறகு எழுந்து ஜன்னலைக் காட்டினார். விடுதிப் பெண்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். என் வகுப்புப் பிள்ளைகள்தான். "அதுகள்ட்ட நீங்களே போயிச் சொல்லுங்க. சொல்லிட்டு வந்தியன்னா தொறந்து விடுதேன்." நான் போய்ச் சொல்லவில்லை. திருநெல்வேலியில் ஓர் ஆய்வகத்தில் கேட்டேன். உங்கள் சாரிடமிருந்து கடிதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். சார் கடிதம் தரவில்லை.

பிரவுசிங் சென்டர் ஒன்று பஸ் நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறந்திருந்தது. அங்கே போய்ப் பார்த்தபோது உல்ரிகேயின் மெயில் காத்திருந்தது. பொறுக்க முடியாமல் அவளே சுத்தமான டியூப்களில் செய்து பார்த்திருக்கிறாள். இந்த முறை கால்சியத்தைத் தெரிந்தே, எல்லா டியூபுக்கும் ஒரே அளவாகச் சேர்த்து. விட்டமின் இ கூடக்கூட இணைவு குறைகிறது, அழகான கோடு, என்று எழுதியிருந்தாள். 'உன் கேள்வி நல்ல கேள்வி. உன் அளவுகளும் வந்துவிட்டால் உன் பெயரை முதலில் போட்டு எழுதலாம். தலைவர் தினமும் கேட்கிறார்.'

என் கேள்விக்குப் பதில் இருந்திருக்கிறது. இத்தனை வருடம் அதைக் கேட்டவள் நான். ஒரு வாரத்தில் அது போய் அவள் மேஜையில் உட்கார்ந்துகொண்டது. அவள்மேல் கோபப்பட ஒன்றுமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் ஒரு வரி தட்டினேன்: 'இங்கே செய்ய முடியவில்லை. தண்ணீர் இல்லை.'

மறுநாளே பதில் வந்துவிட்டது. 'இதற்காகவா கவலைப்படுகிறாய்? எந்தத் தரத் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று சொல். விலாசம் அனுப்பு. இரண்டு பாட்டில் பார்சலில் போடுகிறேன்.'

நல்ல மனதோடுதான் எழுதியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே லாரி வந்துவிட்டது என்று பெண்கள் குடங்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பார்சல் தண்ணீருக்கு விலாசம் தட்ட என் கை வரவில்லை. 'நீங்களே எழுதிவிடுங்கள், என் பெயர் வேண்டாம்' என்று தட்டி அனுப்பிவிட்டு எழுந்து வந்தேன்.